மாட்டுக்கு வால், வீட்டுக்குக் கால்

ஒரே ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு, ஒரே வாரத்தில், நாற்பதாயிரம் மாடுகளைக் குளிப்பாட்டிய பெண் இந்த உலகத்தில் ஒருத்திதான். எங்கள் கொச்கோர் பக்கத்துக்காரி, பெயர் புருலாய். நாற்பதாயிரம் என்பது சற்றே கூடுதல், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரில் அத்தனை மாடு இருந்தால் மனிதர்கள் நிற்க இடம் இருக்காது. நானூறு என்று சொன்னாலும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொல்லவேண்டியிருக்கும். ஆனால் எழுத்து ஒன்றுதான். அதில் குன்றிமணி அளவுகூடப் பொய் கிடையாது.

புருலாய்க்கு வயது நாற்பத்தொன்பது. எங்கள் பள்ளத்தாக்கில் எந்த விருந்தும் அவள் கைபடாமல் நடக்காது. சமைப்பதற்கு அல்ல, சமையல் அவளுக்குச் சுமார்தான். விருந்து மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்கத் தொங்குமே ஒரு பேனர், பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டு, அதை வடிவமைப்பவள் அவள். தங்க நிறத்தில் சுருள் எழுத்து, மூலைக்கு மூலை ரோஜா, நடுவில் கழுத்தை வளைத்து முத்தமிடும் இரண்டு அன்னங்கள். கல்யாணமா, அன்னம். அறுபதாம் ஆண்டு நிறைவா, அன்னம். சுன்னத்து விருந்துக்கும் அன்னம்தான். அந்தப் பையன் பேனரைப் பார்த்து இன்னும் பலமாக அழுதான் என்று கேள்வி. மகள் தலைநகர் பிஷ்கெக்குக்குப் படிக்கப் போய்ப் புதுக் கணினி வாங்கிக்கொண்டபோது பழையது அம்மாவுக்கு வந்தது. அதில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு கண் தேநீர்க் கெட்டிலிலும் ஒரு கண் திரையிலுமாக, தானே கற்றுக்கொண்ட வித்தை.

அந்தக் குளிர்காலக் கடைசியில் தொலைபேசியில் ஓர் அறிவிப்பு வந்தது. பிஷ்கெக்கில் 'வெள்ளைக் கூஜா' என்று ஒரு தொண்டு நிறுவனம். ஊர் ஊராகத் தண்ணீர்க் குழாய் போட்டு, கை கழுவு, வீட்டைக் கூட்டு என்று சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலை. சாப்பாட்டுக்கு முன் விருந்தாளிகளின் கையில் தண்ணீர் ஊற்றுகிற கூஜாதான் அவர்கள் சின்னம். அவர்களுக்குப் போஸ்டர் வடிவமைக்கப் பயிற்சிக்கு ஓர் ஆள் வேண்டுமாம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், மூன்று மாதம், பிடித்திருந்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். வயது என்ன என்று எங்கேயும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் தானாகப் போய்ப் வயது தெரியப் பல்லைக் காட்டுவதற்கு அவள் என்ன குதிரையா? மனுப் போட்டாள். கிடைத்துவிட்டது.

கலை ஆர்வத்தால் போட்டேன் என்று பிறகு பலரிடம் சொன்னாள். உண்மைக் காரணம் குதிரைகள். ஒவ்வொரு கோடையிலும் அவள் கணவன் காசிமாலி குதிரைகளை ஓட்டிக்கொண்டு மலைமேல் சோங்கோல் ஏரிக்கரை மேய்ச்சலுக்கு ஏறுவான், கூடவே அவளும். பெண்குதிரையின் மடி சின்னது. பகலெல்லாம் ஒன்றரை மணிக்கு ஒருதரம் கறந்தால்தான் உண்டு. கறந்ததைத் தோல்பையில் ஊற்றிக் கடைந்து புளிக்கவைத்தால் கிமிஸ். ஊர் முழுக்க அதைக் குடித்து ஏப்பம் விட்டு, "காசிமாலி வீட்டுக் கிமிஸ் மாதிரி வருமா!" என்று காசிமாலியைப் பாராட்டும். குதிரைகளுக்கோ புருலாயைக் கண்டால் ஆகாது. போன கோடையில் ஒன்று உதைத்ததில் அவள் பறந்துபோய்க் கிமிஸ் பைக்குள் தலைகீழாக விழுந்தாள். பைக்குள் இல்லை, பைக்குப் பக்கத்தில். ஆனாலும் விழுந்தாள்.

வேலை கிடைத்த செய்தியை இரவுச் சாப்பாட்டில் உடைத்தாள். பக்கத்துக் கடைக்காரி ஜாங்கிலும் இருந்தாள். எந்த வீட்டில் இறைச்சி வெந்தாலும் அங்கே இருப்பவள் அவள்.

"என்ன வேலைன்னு சொன்ன?" என்றான் காசிமாலி.

"வெள்ளைக் கூஜாவுல பயிற்சி."

"கூஜா தூக்குறதுக்கு மூணு மாசம் பயிற்சியா? உங்க அப்பா வீட்டுல நான் இருபத்தாறு வருஷமா பயிற்சி இல்லாமலே தூக்குறேன்!"

"சிரிங்க, சிரிங்க. மூணு மாசம் கழிச்சு அவங்க என்னை வெச்சுக்கிட்டாங்கன்னா நான் மேய்ச்சலுக்கு வரமாட்டேன். இங்கேயே உக்காந்து வேலை பாப்பேன்."

"அப்ப குதிரைய யாரு கறக்கிறது?"

"நீங்கதான்."

ஜாங்கிலுக்குத் தேநீர் மூக்கில் ஏறியது. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை குட்டியைப் பிடித்துக்கொள்வான், கறப்பது பெண்பிள்ளை. ஓர் ஆண் தானே உட்கார்ந்து கறக்கிறான் என்றால், பெண்டாட்டி ஓடிப்போய்விட்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

"சரி. வெச்சுக்கலைன்னா?"

"வாயத் தொறக்காம மேல வரேன். கம்ப்யூட்டர்ங்கிற வார்த்தையே எடுக்கமாட்டேன்."

"ஜாங்கில், கேட்டியா? நீதான் சாட்சி."

"சாட்சி என்ன மச்சான், நீங்க கறக்கிறதப் பாக்கிறதுக்கு டிக்கெட்டே விக்கலாம்!"

கணவனும் மனைவியும் கையில் கை அடித்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் கையடித்த பந்தயத்தை முறித்தவனுக்குத் தேநீர்கூட ஆறிப்போய்த்தான் வரும்.

இனி இணையத்தின் கதை. புருலாயின் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. முற்றத்தில், மாட்டுக் கொட்டிலை ஒட்டி, குளிர்காலத்துக்கென்று அடுக்கிய காய்ந்த புல்போரின் உச்சியில் மட்டும் வரும். ஏணி வைத்து ஏறி, ஆட்டுத்தோல் கோட்டுக்குள் சுருண்டு, கணினியை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். சங்கடம் என்னவென்றால், அந்தப் போரைத்தான் அவளுடைய பசு சோர்கா தினமும் தின்றது. போர் இறங்க இறங்கச் சிக்னலும் இறங்கியது. "இணையம் எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டால், "பாதிய மாடு தின்னுருச்சு" என்பாள். கேட்டவர்கள் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தார்கள்.

முதல் காணொளிச் சந்திப்பில் திரையில் தோன்றியவன் திலெக். தலாஸ் பக்கத்துப் பையன், வயது இருபத்துமூன்று, பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு மேலாளர். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கவேண்டும், அவர்கள் பேச்சை மறுக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன்.

"சலாம் எஜே. பயிற்சிக்கு வரப்போறது உங்க பொண்ணுங்களா?"

எஜே என்றால் அக்கா.

"நான்தான் தம்பி."

திலெக் விருட்டென்று எழுந்து நின்றான். திரையில் அவன் முகம் மேலே போய்ச் சட்டையின் மூன்றாம் பொத்தான் வந்து நின்றது.

"உக்காருப்பா. வயிறு நல்லாத்தான் இருக்கு, ஆனா மூஞ்சியப் பாத்துப் பேசுனா தேவல."

"பரவால்லீங்க எஜே, நான் நின்னுக்கிட்டே பேசுறேன்."

மூன்று மாதமும் அவள் அந்தப் பொத்தானோடுதான் பேசினாள். நடுவில் அது ஒருமுறை அறுந்து, வேறு நிறத்தில் புதிதாகத் தைக்கப்பட்டது. அதையும் கவனித்து, நூல் சரியில்லை என்று சொன்னாள்.

முதல் போஸ்டர் கை கழுவுவதைப் பற்றியது. புருலாய் ஒரு குழாய் வரைந்து, தங்க எழுத்தில் வாசகம் எழுதி, குழாய்க்கு மேலே இரண்டு அன்னங்களை முத்தமிட வைத்தாள்.

"ரொம்ப அழகு எஜே," என்றது பொத்தான். "ஒரே ஒரு சின்ன சந்தேகம். அன்னம் எங்க கை கழுவுதுன்னு டைரக்டரம்மா கேப்பாங்களோன்னு..."

"அன்னத்துக்கு ஏதுப்பா கை?"

"ஆமாங்க எஜே. அதுவும் சரிதான்."

போஸ்டர் அப்படியே போனது. அடுத்தது குழாய்ப் பராமரிப்பு, அன்னம். அதற்கடுத்தது கழிப்பறை, அன்னமும் ரோஜாவும். ஒவ்வொரு முறையும் திலெக் வாயைத் திறப்பான், எச்சில் விழுங்குவான், அழகு என்பான். புருலாய் ஏணியிலிருந்து இறங்கும்போதே, "இன்னைக்கும் ஒரு குறை சொல்லலையே!" என்று கூவுவாள். காசிமாலியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. ஒருநாள் கொட்டிலுக்குப் பின்னால், யாரும் இல்லை என்று நினைத்து, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கறப்பதுபோல் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜாங்கில் பார்த்துவிட்டாள், ஊருக்கே தெரிந்துவிட்டது.

டைரக்டர் ரோசா ஷார்ஷெனோவ்னா ஒரே ஒரு தடவை சந்திப்பில் வந்தார். பெரிய தொப்பி, பெரிய குரல்.

"உங்களுக்குப் பின்னாடி இருக்கிற மலைப் படம் அருமையா இருக்கே. எங்க வாங்குனீங்க?"

"இங்கதாங்க, ஊர்லயே கெடச்சுது," என்றாள் புருலாய். அது நிஜ மலை என்று சொன்னால், நிஜப் புல்போரில் உட்கார்ந்திருப்பதையும் சொல்லவேண்டி வருமே.

அந்த நேரம் பார்த்துச் சோர்கா கீழேயிருந்து ஒரு வாய் புல்லை நன்றாக இழுத்தது. போர் சரிந்தது. புருலாய் முகத்தில் சிரிப்பு மாறாமல் மெதுவாகக் கீழே வழுக்கினாள். திரையில் அவளுக்குப் பின்னால் மலை மேலே ஏறிக்கொண்டே போனது.

"உங்க மலை நகருதேம்மா?"

"நெட்வொர்க் சரியில்லீங்க," என்று சொல்லிவிட்டு அவள் படத்திலிருந்தே மறைந்தாள். கடைசியாகத் தெரிந்தது ஒரு கொம்பு.

அதையும் மன்னித்தார்கள். பயிற்சி முடியச் சில வாரங்களே இருந்தன. கடைசி வேலையாக, பதினோரு ஊர்களில் ஒட்டப்போகும் பெரிய போஸ்டர் ஒன்றை அவளிடம் கொடுத்தார்கள். வாசகம் சுலபம்: 'சுத்தமான வீடு, சந்தோஷமான வீடு.' புருலாய் உயிரைக் கொடுத்து வரைந்தாள். வெள்ளை அடித்த வீடு, புகைபோக்கியிலிருந்து நீளமாக வளைந்து போகும் புகை, கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றும் பெண், முற்றத்தில் அழகுக்காகச் சோர்கா, வானத்தில் அன்னங்கள். எழுத்துக்கு, ஆட்டுக்கிடாக் கொம்புபோல் சுருண்ட ஒரு புது எழுத்துருவைக் கண்டுபிடித்து இறக்கிவைத்திருந்தாள். பார்த்தாலே வாயில் வைத்து உறிஞ்சலாம் போலிருக்கும்.

அதில்தான் வந்தது வினை. எங்கள் மொழியில் உதட்டைச் சாதாரணமாகக் குவித்து 'உய்' என்றால் மாடு. அதே உதட்டை விசில் அடிக்கப்போவதுபோல் இறுக்கி, உள்ளுக்குள் 'இ' சொல்லிக்கொண்டே 'உய்' என்றால் வீடு. எழுதும்போது வித்தியாசம் இன்னும் சின்னது. மாட்டின் முதல் எழுத்துக்கு வால் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும். வீட்டின் முதல் எழுத்துக்குக் கால் நேராக நிற்கும். அவ்வளவுதான். அந்த எழுத்துருவைச் செய்தவர் ஏதோ வெளிநாட்டுப் புண்ணியவான். அவரிடம் மாட்டு எழுத்து இருந்தது. வீட்டு எழுத்து இல்லை. புருலாய் இப்போதைக்கு மாட்டு எழுத்தையே போட்டுவைத்தாள். கடைசியில் வாலை நிமிர்த்திக் காலாக்கிவிடலாம் என்று எண்ணம். பிறகு அன்னத்தின் கண்ணில் ஒளி வைப்பதிலேயே பொழுது போய்விட்டது. வாலை மறந்தேபோனாள். அனுப்பிவிட்டாள்.

திலெக் பார்த்தான். 'சுத்தமான மாடு, சந்தோஷமான மாடு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வியர்த்தான். அம்மா வயதுள்ள ஒருத்தியிடம் எழுத்துப் பிழை என்று எப்படிச் சொல்வது? அரை நாள் யோசித்து ஒரு செய்தி எழுதினான்: 'எஜே, மிகவும் அருமை. உங்களுக்கு நேரம் இருந்தால் மட்டும் பாருங்கள், வீட்டுக்கு வால் இருப்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது. என் கண்கோளாறாகவும் இருக்கலாம்.'

வீட்டுக்கு வாலா? புருலாய் படத்தை உற்றுப் பார்த்தாள். ஆமாம்! புகைபோக்கியிலிருந்து நீளமாக வளைந்து போகிற புகை, அசப்பில் வால் மாதிரியேதான் இருந்தது. பையனுக்கு என்ன கூர்மை! புகையை வெட்டி எறிந்தாள். 'வாலை எடுத்துவிட்டேன் தம்பி, இப்போது வீடு வீடாக இருக்கிறது' என்று எழுதி மறுபடி அனுப்பினாள்.

திலெக் திறந்து பார்த்தான். புகை போயிருந்தது, எழுத்தின் வால் ஆடாமல் அசையாமல் அங்கேயே தொங்கியது. எஜே பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறார், கொச்கோர் பக்கத்தில் மாட்டைத்தான் முதலில் சொல்வார்கள் போலிருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். 'நன்றி எஜே' என்று பதில் எழுதிவிட்டு அச்சுக்கு அனுப்பினான்.

சிற்றுந்தில் போஸ்டர்கள் வந்து இறங்கின. கடைச் சுவரிலும் பொதுக்கூடத்திலும் மருத்துவச் சாவடியிலும் ஒட்டினார்கள். ஜாங்கில் கடை வாசலில் நின்று உரக்கப் படித்தாள். "சுத்தமான மாடு, சந்தோஷமான மாடு. அடேங்கப்பா, தண்ணி ஊத்துறாங்க பாரு, மாட்டுக்குத்தான்!" படத்தில் சோர்காவும் நின்றதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. சாயங்காலத்துக்குள் செய்தி வளர்ந்துவிட்டது. பிஷ்கெக்கிலிருந்து ஆள் வந்து மாடு மாடாக முகர்ந்து பார்க்கப்போகிறார்களாம். அழுக்கு மாட்டை மேய்ச்சலுக்கு ஏற விடமாட்டார்களாம்.

மறுநாள் ஊரே ஆற்றங்கரையில். ஜாங்கில் கடையில் ஷாம்பு தீர்ந்தது. பிறகு பாத்திரம் கழுவும் திரவம் தீர்ந்தது. பிறகு யாரோ பரிசாகக் கொடுத்து யாரும் தொடாமல் கிடந்த வாசனைச் சோப்புகூடப் போனது. ஆப்பிள் ஷாம்பு போட்ட மாடுகள் ஆப்பிள் தோட்டம்போல் மணந்துகொண்டு தெருவில் நடந்தன. கன்றுகள் தாயை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது நம் அம்மா இல்லை" என்று அலறி ஓடின. ஒரு மாடு நுரையை நக்கியிருந்தது; அது கத்தும்போதெல்லாம் வாயிலிருந்து குமிழி பறந்தது. குமிழி நான் பார்க்கவில்லை; பார்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புருலாய் புல்போரிலிருந்து இறங்கி வந்தபோது ஜாங்கில் தன் மாட்டின் காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"நீ சொன்னதத்தான் எஜே பண்றேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா மாடு சந்தோஷமா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"நான் எப்ப மாட்டக் கழுவச் சொன்னேன்?"

"போய்ப் படி."

புருலாய் போய்ப் படித்தாள். சுவரில் இரண்டு வால் தொங்குவதைப் பார்த்தாள். அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். காசிமாலி பின்னாலேயே வந்தான், வாயெல்லாம் பல்.

"கிழவி, குதிரைங்க உன்ன விசாரிச்சுது. எப்ப வருவான்னு."

அன்று மாலையே டைரக்டரின் குரல் தொலைபேசியில் வந்தது. பயிற்சி முடிப்பவர்கள் 'நான் கற்றது என்ன' என்று கொஞ்ச நேரம் பேசவேண்டும் என்பது வெள்ளைக் கூஜாவின் வழக்கம். மற்றவர்கள் திரையில் பேசுவார்கள். "உங்க பேச்ச மட்டும் நான் நேர்ல வந்து கேக்கப்போறேன்," என்றார் ரோசா ஷார்ஷெனோவ்னா. "உங்க ஊர் மாடு பத்தி என்னென்னவோ காதுல விழுது."

வியாழக்கிழமை வண்டி வந்தது. டைரக்டர் இறங்கினார், பின்னால் வெளுத்த முகத்தோடு திலெக். பொத்தானுக்கு மேலே அவனுக்குத் தலையும் இருப்பதைப் புருலாய் அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தாள். அவர்களுக்கு முதலில் எதிர்ப்பட்டது ஒரு பசு, கழுத்தில் ரிப்பன், மேலெல்லாம் பளபளப்பு. டைரக்டர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முகர்ந்தார். "முகர்றாங்க, முகர்றாங்க!" என்று ஊர் கிசுகிசுத்தது.

பொதுக்கூடம் நிறைந்துவிட்டது. புருலாய் தலைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நான் கத்துக்கிட்டது என்னன்னா... வீட்டுலருந்து வேலை பாத்தா வீட்டுல ஒருத்தரும் அத வேலைன்னு நம்பமாட்டாங்க. 'சும்மாதானே உக்காந்திருக்க, ரொட்டியப் பாத்துக்க'ன்னுதான் சொல்லுவாங்க. திரையில தலை மட்டும் ஒழுங்கா இருந்தாப் போதும், இடுப்புக்குக் கீழ எத உடுத்தியிருக்கோம்னு கடவுளுக்கும் மாட்டுக்கும்தான் தெரியும். அப்புறம் இந்த வாலு. அது என் தப்பு. நிமித்தணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். தம்பி சொல்லத்தான் செஞ்சான். ஆனா ரொம்ப மரியாதையா சொன்னான், அதனால எனக்குக் கேக்கல."

டைரக்டர் திலெக் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா, மாடுன்னு இருந்தத?"

"பாத்தேங்க."

"ஏன் நேரா சொல்லல?"

"எஜேக்கு எங்க அம்மா வயசுங்க."

"எனக்கு என்ன வயசுன்னு நெனைக்கிற?"

திலெக் கூரையைப் பார்த்தான். அந்தக் கேள்விக்கு இன்றுவரை அவன் பதில் சொல்லவில்லை.

"நீங்க பாக்கலையா, அம்மா?" என்று பின்வரிசையிலிருந்து ஜாங்கில் கேட்டாள்.

டைரக்டர் இருமினார். "நான் அன்னைக்குக் கண்ணாடி போடல." பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "பதினோரு ஊர்ல இந்தப் போஸ்டர ஒட்டுனோம். பத்து ஊர்ல ஒருத்தர்கூட 'இது என்ன மாடு?'ன்னு கேக்கல. ஏன்னா ஒருத்தர்கூடப் படிக்கல. இத்தன வருஷத்துல நாங்க ஒட்டுனதப் படிச்சு, அதுல எழுதியிருந்தபடியே செஞ்ச ஊரு இது ஒண்ணுதான். அதனால இவங்கள வெச்சுக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு."

காசிமாலியின் பல்லெல்லாம் உள்ளே போனது.

"ஆனா இவங்க தப்பு செஞ்சா எடுத்துச் சொல்ல ஆள் வேணும். இந்தப் பையன் சொல்லமாட்டான்னா அடுத்த தடவை என்ன ஆகுமோ, யாருக்குத் தெரியும்? திலெக், இப்ப, இங்கேயே, இவங்கள ஒருதரம் ஒழுங்காத் திட்டு. திட்டிட்டா இவங்களுக்கு வேலை நிரந்தரம். முடியலைன்னா இன்னையோட சரி."

திலெக் எழுந்தான். கையைப் பிசைந்தான்.

"எஜே... நீங்க வந்து... கொஞ்சம்... அதாவது தாங்கள்..."

"சத்தமா!" என்றது ஊர்.

காசிமாலி துள்ளி எழுந்தான். "என் பெண்டாட்டிய ஊருக்கு நடுவுல ஒரு சின்னப் பய திட்டுறதா? நான் சம்மதிக்கமாட்டேன்! இத்தன வருஷத்துல நானே திட்டுனதில்ல!"

"தைரியம் இல்லாததால திட்டல," என்றாள் ஜாங்கில். "உக்காருங்க மச்சான், கறக்கப்போற கை இப்பவே நடுங்குது பாருங்க."

புருலாய் திலெக்கின் முன்னால் போய் நின்றாள். "தம்பி, திட்டுடா! அம்மா வயசுன்னு பாக்காத. அம்மாவ நெனைக்காத, உன்னக் கடிச்ச நாய நெனச்சுக்க!"

"எப்படி எஜே அப்படியெல்லாம்..."

"டேய், மேல எட்டுக் குதிரை காத்திருக்குடா எனக்கு!"

"மன்னிக்கணும் எஜே, வாயே வரமாட்டேங்குது."

புருலாய் ஒரு கணம் யோசித்தாள். "சரி விடு. அடுத்த போஸ்டர்ல நாலு அன்னம் போடலாம்னு இருக்கேன்."

திலெக்கின் காது சிவந்தது. கழுத்து சிவந்தது. மூன்று மாதமாக விழுங்கிய எச்சிலெல்லாம் ஒன்றாகப் பொங்கியது.

"நாலா? போதும் எஜே! கை கழுவுற போஸ்டர்ல அன்னம்! குழாய் போஸ்டர்ல அன்னம்! கக்கூஸ் போஸ்டர்ல ரோஜாப்பூவோட ரெண்டு அன்னம்! எவன் எஜே கக்கூஸ் வாசல்ல நின்னு முத்தம் குடுக்கிறான்? அத்தனையும் தங்கக் கலரு, படிக்கிறதுக்கே கறுப்புக் கண்ணாடி போடணும்! ஃபைலு பேரு 'கடைசி', அடுத்தது 'இதுதான் கடைசி', அதுக்கடுத்தது 'சத்தியமா கடைசி'! நான் எத அச்சுக்கு அனுப்பித் தொலைக்கிறது? மாடு மாடுன்னு அன்னைக்கே கத்துனேன்!"

"நீ எப்பக் கத்துன?"

"மனசுக்குள்ள!"

கூடம் இடிந்து விழுவதுபோல் கைதட்டியது. வெளியே ஒரு மாடும் கத்தியது. திலெக் திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, "மன்னிச்சிருங்க எஜே," என்றான்.

"மன்னிப்பெல்லாம் நான் கேட்டதுல சேராது," என்றார் டைரக்டர். "திட்டுன வரைக்கும் போதும். வேலை உங்களுக்குத்தான், புருலாய்."

புருலாய் திலெக்கை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். ஊரே வந்து கைகுலுக்கியது. எல்லாம் அடங்கியபிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்: "ஏண்டா, அந்தக் கக்கூஸ் அன்னத்துக்கு நெஜமாவே என்ன குறை?"

"ஒண்ணுமில்ல எஜே," என்று ஆரம்பித்தவன், டைரக்டரின் தொப்பி தன் பக்கம் திரும்புவதைப் பார்த்தான். "எல்லாமே குறைதான் எஜே."

கோடை வந்தது. புல்போர் தீர்ந்துபோனதால் புருலாய் கொட்டில் கூரையில் ஒரு நாற்காலியைக் கட்டிவைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். காசிமாலி குதிரைகளோடு தனியாக மேய்ச்சலுக்கு ஏறினான். கையடித்த பந்தயம் ஆயிற்றே. முதல் நாள் விடியற்காலையிலேயே, மேலே ஏறி வந்த ஊரெல்லாம் வேடிக்கை பார்க்க, எட்டுக் குதிரைகளையும் ஒரு உதைகூட வாங்காமல் கறந்து முடித்தான்.

இதையெல்லாம் எழுதி, அவர்கள் வீட்டில் தேநீருக்கு நடுவே நான் வாசித்துக் காட்டியபோது, காசிமாலி மிகுந்த கௌரவத்தோடு தலையை ஆட்டினான். எதிரே எலும்பைச் சுவைத்துக்கொண்டிருந்த ஜாங்கில் அதைக் கீழே வைத்தாள்.

"ஏழுதான். எட்டாவதா பனிமூட்டத்துல மச்சான் போய்க் குந்துனது, அவர் ஏறிப் போற குதிரைக்கு அடியில. அது ஆம்பளக் குதிரை. உதைக்கக்கூட இல்ல, பாவம், அதுவே திகைச்சுப்போய் நின்னுருச்சு."